இரண்டு மணி நேர நல்லதங்காள்: ஒரு பார்வையாளனின் குறிப்பு

பங்குனி நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்த ஒரு கூத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் மல்லசமுத்திரம் பக்கம். சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, காளிப்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஜன்னலில் முறுக்குப் பொட்டலம் நீட்டுவார்கள், அது ஆட்டையாம்பட்டி. அதைத் தின்று முடிக்கும்போது வருவது எங்கள் ஊர். பருத்தி ஏலத்துக்குப் பெயர் போனது. மற்றபடி தறிச் சத்தம்.

மாரியம்மன் கோயில் திடலில் அன்று 'நல்லதங்காள்'. செட்டின் பெயரை இங்கே போடவில்லை. ஏன் என்பது படித்தால் புரியும், அவர்களிடம் கேட்காமல் சில விஷயங்களைச் சொல்லப் போகிறேன். நடிகர்கள் நாலு பேர், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். மொத்தம் ஏழு பேர். இரண்டு மணி நேரம்தான். ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்கு முடிந்துவிடும் என்று கோயில்காரர்கள் மைக்கில் சொன்னதும் என் பக்கத்தில் இருந்த பெருசு ஒருத்தர், "அப்ப எதுக்குடா நான் பாய் கொண்டாந்தேன்" என்றார்.

நியாயமான கேள்வி. கூத்து என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடப்பது. நடுவில் தூங்கலாம், எழுந்து டீ குடிக்கலாம், திரும்பி வந்தால் அதே ராஜா அதே சபையில் அதே தர்க்கத்தில் இருப்பார். அதைத் திட்டமிட்டு இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, பழைய பாட்டுகளில் பாதியை எடுத்துவிட்டு, வாத்தியாரே சில பாட்டு புதிதாகக் கட்டிப் போட்ட ஆட்டம் இது. கதை பழசு, நாடகம் புதுசு. வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தால் இதை 'சின்ன மியூசிக்கல்' என்பார்கள்.

அது ஒன்றும் கௌரவக் குறைச்சலான சொல் இல்லை. நியூயார்க்கில் 'தி ஃபேன்டாஸ்டிக்ஸ்' என்று ஒரு நாடகம், 1960 மே மாதம் 153 இருக்கை உள்ள ஒரு சின்னக் கொட்டகையில் ஆரம்பித்தது. வாத்தியம் ஒரு பியானோ, ஒரு ஹார்ப். அவ்வளவுதான். 2002 ஜனவரி வரைக்கும் 17,162 தடவை ஆடினார்கள். லண்டனில் சக்கைப்போடு போட்ட 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' 2019-இல் 80 பேர் உட்காரும் அரங்கில் தொடங்கியது. ஐந்தே நடிகர்கள் எல்லா வேஷமும் கட்டுகிறார்கள், ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும். 2024-இல் புதிய மியூசிக்கலுக்கான ஒலிவியர் விருது அதற்குத்தான். நாலு பேரை வைத்துக்கொண்டு நாற்பது பேரைக் காட்டுவது எங்கள் பக்கத்தில் புதிய கண்டுபிடிப்பு இல்லை, சொல்லப்போனால் வேறு வழியே இருந்ததில்லை.

தமிழிலும் இதற்கு நீண்ட சங்கிலி உண்டு. அருணாசலக் கவிராயரின் ராம நாடகம், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம், அப்புறம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). சுவாமிகள் எழுதியவற்றில் நல்லதங்காளும் ஒன்று. பாட்டாலேயே நடக்கிற அந்த நாடகங்கள் அப்படியே சினிமாவுக்குப் போயின. நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் மேடையில் பாடிப் பாடி, 1935-இல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் கட்டிய டி.ஆர். சுந்தரத்தின் இனிஷியலில் உள்ள 'டி' திருச்செங்கோடு. ஆர்.எஸ். மனோகரின் 'ஆர்' ராசிபுரம். எங்கள் ஊரிலிருந்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. (இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத நினைத்தது பின்பாட்டைப் பற்றி.

கூத்தில் நடிகர் ஒரு வரி பாடுவார். உடனே பின்னால் உட்கார்ந்திருக்கும் தாளக்காரரும் ஆர்மோனியக்காரரும் அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். சின்ன வயதில் எனக்கு இது எரிச்சலாக இருக்கும். ஏன் எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்றாங்க? பின்னாளில் நெட்வொர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, சத்தம் நிறைந்த லைனில் டேட்டா அனுப்பும்போது ஒரே பிட்டைத் திரும்ப அனுப்புகிற முறைகளைப் படித்தபோதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது.

கணக்காகவே பார்க்கலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். தொண்டை கிழியப் பாடுகிறவரின் குரல் ஒரு மீட்டர் தள்ளி 90 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் 84, 4-இல் 78, இப்படியே போனால் 32 மீட்டரில் 60. நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற அளவு. அந்தத் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி குழந்தை அழும், பொரி உருண்டைக்காரர் கூவுவார், யாராவது பங்காளிச் சண்டையை விவரித்துக்கொண்டிருப்பார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கதை போய்ச் சேர வேண்டும் என்றால் என்ன செய்வது?

முதல் வழி, சுருதியை ஏற்றுவது. 'அஞ்சு கட்டையில் பாடினார்' என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. முதல் கட்டை சுமார் 262 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்தாவது கட்டை 392. ஆதார ஷட்ஜமே அங்கே இருந்தால் மேல் ஸ்தாயியில் பாடுகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த உயரத்தில் பாட உடம்பின் முழு பலத்தையும் போட்டாக வேண்டும், அதனால் சத்தமும் கூடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை. குரலின் சக்தி அந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு தூரம் எடுபடும். ஐரோப்பிய ஓபரா பாடகர் மைக் இல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பதற்குக் காரணம், அவர் குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தூக்கல் இருப்பதுதான் என்று ஸ்வீடன் ஆய்வாளர் யோகான் சுண்ட்பெரி காட்டியிருக்கிறார். முகவீணையும் அதே தர்க்கம்தான். முழ நீளம்கூட இல்லாத குழல், நாதஸ்வரத்தின் தம்பி. அந்தச் சீவாளியிலிருந்து வருகிற கூரான நாதம் கூட்டத்தின் இரைச்சலைக் கத்தியால் கிழிக்கிற மாதிரி வரும்.

ஆனால் சுருதி ஏற ஏற ஒரு பிரச்சினை. சத்தம் போய்ச் சேரும், சொல் போய்ச் சேராது. 'ஆ'வும் 'ஓ'வும் உச்சத்தில் ஒரே மாதிரி ஆகிவிடும். சினிமாவில் உச்சஸ்தாயிப் பாட்டுகளின் வரியை நாம் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு திரிவதே சாட்சி. அங்கேதான் பின்பாட்டு. முதல் தடவை விட்டது இரண்டாம் தடவை பிடிபடும். அந்த நேரத்தில் நடிகர் மூச்சு வாங்கிக்கொள்வார், இன்னொரு பக்கம் திரும்பி அடவு போடுவார். மூன்று பக்கமும் ஆட்கள் இருக்கிற களரி இல்லையா, ஒரே பக்கம் பார்த்துப் பாடினால் மற்ற இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும்.

ஆக, பின்பாட்டு மைக் இல்லாத காலத்தின் தேவை. மைக் வந்ததும் அது தேவையில்லை. இந்தச் செட்டின் வாத்தியார் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். நடிகர்களுக்குக் காதோரம் ஒட்டுகிற மைக் வாங்கிக் கொடுத்து, பின்பாட்டை வெட்டிவிட்டார். எட்டு மணி நேரம் இரண்டாகச் சுருங்கியதில் பெரிய பங்கு இந்த ஒரே வெட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. கதை ஓடுகிறது, நிற்கவே இல்லை. மானாமதுரையில் பஞ்சம், ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நல்லதங்காள் அண்ணன் நல்லதம்பி வீட்டுக்குக் கிளம்புகிறாள், அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். எல்லாம் வரிசையாக வருகிறது, ஒன்றும் மனசில் உட்காரவில்லை. கோமாளி சினிமா மெட்டில் ஒரு பாட்டுப் பாடினார், பசங்கள் விசிலடித்தார்கள். எக்கோவை யாரோ முழுசாகத் திருப்பி வைத்திருந்ததால் மூளி அலங்காரி பேசியதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கிணற்றில் விழப்போவது அவள் இல்லையே. அந்த வேஷத்தையும் வெறும் வில்லியாகவே கட்டியிருந்தார்கள். ஓட்டைப் பானையும் எரியாத வாழைமட்டையும் கொடுத்து 'சமைச்சுக்கோ' என்கிறவளுக்கும் ஒரு பயம் இருக்கும் இல்லையா? ஏழு வாய் வந்து உட்கார்ந்தால் தன் குதிருக்கு என்ன ஆகும் என்கிற பயம்? பழைய விடிய விடிய ஆட்டத்தில் மூளிக்கு ஒரு நீண்ட பாட்டு உண்டு என்று அம்மா சொன்னார். அது வெட்டுப்பட்ட பாதியில் போய்விட்டது.

பிள்ளைகள் விஷயம் சொல்ல வேண்டும். நான் மூன்றாவது படிக்கும்போது, இதே திடலில், நல்லதங்காளின் ஏழு பிள்ளைகளாக ஊர்ப் பசங்களையே பிடித்து நிறுத்தினார்கள். நான் நாலாவது பிள்ளை. 'கெணறு' என்பது நாலு பேர் பிடித்த ஒரு வேட்டி. அந்த வாத்தியார் என்னைத் தூக்கியபோது அவர் முகத்து அரிதாரம் வேர்வையில் கரைந்து என் சட்டையில் ஒட்டியது. நான் நிஜமாகவே அழுதேன். கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் காசு போட்டது, அதில் எனக்கு எட்டணா கொடுத்தார்கள். அக்கா அந்த எட்டணாவைப் பிடுங்கி ஐஸ் வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள்.

இந்த ஆட்டத்தில் பிள்ளைகள் இல்லை. நல்லதங்காள் இடுப்பில் ஒரு பழைய சேலை, அதில் வரிசையாக முடிச்சுப் போட்ட ஏழு சின்னத் துண்டுகள். வேஷம் கட்டியவர் நாற்பது தாண்டிய ஆள், பகலில் தறி ஓட்டுகிறவர். வழி நடக்கும்போது அந்தத் துண்டுகளைத் தூக்கிக்கொள்வார், தரையில் இழுபட விடுவார், ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டுவார். பத்து நிமிஷத்தில் ஏழும் ஏழு ஆளாகிவிட்டன. மூத்தது கொஞ்சம் திமிர் பிடித்த துண்டு. இரண்டாவது எப்போதும் பின்தங்கும்.

பிறகு கிணறு. மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள், அவ்வளவுதான். மிருதங்கம் நின்றுவிட்டது. ஆர்மோனியம் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. அவர் முதல் துண்டை அவிழ்த்து, ஒரு வரி பாடி, பெட்டிக்குப் பின்னால் போட்டார்.

பின்னாலிருந்து பின்பாட்டு வந்தது.

ஒன்றரை மணி நேரமாக வராத பின்பாட்டு. அதே வரி, தாழ்ந்த குரலில், மைக் இல்லாமல். இரண்டாவது பிள்ளை, மறுபடி அதே மாதிரி. மூன்றாவது. கதை இவ்வளவு நேரம் ஓடிவிட்டு இங்கே வந்து நின்றுவிட்டது, நகர மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் திருப்பிச் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக இல்லை. நடந்ததை நடந்தது என்று இன்னொரு வாய் சாட்சி சொல்கிறது. நாலாவது பிள்ளை வந்தபோது என்னை அறியாமல் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிட், ரிப்பீட் என்று நான் பேசியதெல்லாம் சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஒரு தேவைக்காக வந்த வழக்கம் அந்தத் தேவை தீர்ந்த பிறகும் இருந்தால் அதை 'லெகசி கோட்' என்று சொல்லித் தூக்கி எறிய என் கை துறுதுறுக்கும். முன்னூறு ராத்திரி ஆடியவர்கள் அதற்குள் வேறு எதையோ வளர்த்து வைத்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு அது தெரிந்திருக்கிறது. எங்கும் வெட்டிவிட்டு இங்கே மட்டும் வைத்தார் பாருங்கள்.

ஏழும் முடிந்து அவரும் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணன் நல்லதம்பி வருகிறான், கிணற்றை எட்டிப் பார்க்கிறான், தங்கச்சி என்று ஒரு விருத்தம். விளக்கை அணைத்துவிட்டார்கள். முடிந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. எனக்கும் சரியான முடிவு என்றுதான் பட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆயா எழுந்து நின்றார். எண்பது வயது இருக்கும். "ஏனுங் வாத்தியாரே, சாமி வரலீங்களே. எழுப்பாம உட்டுட்டுப் போறீங்க? நோம்பி நாள்ல, ஊரு நல்லா இருக்க வேண்டாமா?"

பழைய கதையில் கடைசியில் சிவனும் பார்வதியும் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுவார்கள். படித்த எனக்கு அது ஒட்டுப்போட்ட முடிவு. ஆனால் கோயில் திடலில் ஏழு பிள்ளைகளைக் கொன்று போட்டுவிட்டு மங்களம் பாடாமல் மூட்டை கட்டுவது வேறு விஷயம். கூத்து ஊருக்கு நேர்ந்துகொண்டு விடுவது. ஆயாவுக்குப் பின்னால் நாலைந்து பேர் "ஆமாங்" என்றார்கள். கோயில்காரர் ஒருவர் சங்கடமாக வாட்ச்சைப் பார்த்தார்.

விளக்கு திரும்ப வந்தது. வாத்தியார் தலைமுடியைக் கழற்றியிருந்தார், பாதி அரிதாரம் துடைத்த முகம். மைக்கும் இல்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த முடிச்சை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். ஒரு முடிச்சுக்கு ஒரு வரி. இந்த முறை பின்பாட்டுப் பாடியது ஆர்மோனியக்காரர் மட்டும் இல்லை, பாட்டுத் தெரிந்த கிழவிகள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். ஏழாவது முடிச்சு இறுகிப்போய் அவிழவே இல்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். அப்போது யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது போய்ப் பேசினேன். அந்த முடிவு திட்டமா, திடீரென்று செய்ததா? "கேட்டாப் பண்ணுவம்ங்க தம்பி, கேக்கலீன்னா உட்டுருவோம்" என்றார். எத்தனை ஊரில் கேட்டார்கள்? "முக்காவாசி கேக்கறாங்க. டவுன்ல கேக்க மாட்டாங்க." முகவீணை ஏன் இல்லை என்று கேட்டேன். அவர்கள் செட்டில் வாசித்தவர் போர் வண்டி லாரியில் வடக்கே போய்விட்டாராம். மாசச் சம்பளம், சாப்பாடு. சிறுசுகளில் ஊதத் தெரிந்தவன் இன்னும் கிடைக்கவில்லை. மைக் இருக்கிறது, தூரம் போய்ச் சேர முகவீணை வேண்டியதில்லை என்று என் டெசிபல் கணக்கு சொல்லும். அந்தக் கிணற்றுக் காட்சியில் ஒற்றை ஆர்மோனியக் கட்டைக்குப் பதில் அந்தக் குழல் ஊதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கணக்கு சொல்லாது.

காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் குருகுலம் வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பும் கூத்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது, 2020-இல் அது மூடப்பட்டது. புரிசைக்காரர்கள் கார்சியா மார்க்வெஸ் கதையையே கூத்தாக ஆடியிருக்கிறார்கள். சேலம் மாவட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் 'களரி' அமைப்பு, 'மணல்வீடு' இதழ் வழியாக மேற்கத்திப் பாணிக் கலைஞர்களைப் பற்றி விடாமல் எழுதியும் ஆட வைத்தும் வருகிறார். ஆனால் இந்த மாதிரிப் பெயர் தெரியாத ஏழு பேர் செட்டுகள் சொந்தக் காசில் காதோர மைக் வாங்கி, எதை வெட்டலாம் எதை வைக்கலாம் என்று ஊர் ஊராகச் சோதித்துக்கொண்டிருப்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். அன்று அக்காவும் வந்திருந்தாள், ராசிபுரத்திலிருந்து. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அப்பா போனபிறகு, காட்டை என் பேருக்கு மாற்ற அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் 'உங்களுக்குச் சம்மதம்தானா' என்று கேட்டபோது தலையாட்டினாள். வெளியே வந்து எல்லோரும் டிபன் சாப்பிட்டோம். எங்கள் பக்கம் அது வழக்கம், யாரும் பேசுவதில்லை, நானும் பேசியதில்லை. அண்ணன் கிணற்றை எட்டிப் பார்க்கும் காட்சியில் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள், "ஏண்டா, நாலாவது துண்டு போட்டப்ப என்னமோ சட்டையத் தடவிக்கிட்டே?"

பார்த்திருக்கிறாள். எட்டணா ஐஸ் ஞாபகம் இருக்கா என்றேன். "பாதி இல்லடா, உனக்கு முக்கால் குடுத்தேன்" என்றாள். காலையில் ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று சீக்கிரம் படுத்துவிட்டாள். அவள் வீட்டில் ஆடு இருக்கிறது, பால் கறக்க ஆள் இல்லை.